பதினெட்டாவது நிமிஷம்

அத்தியாயம் 9

அறுநூற்று நாற்பது டாலர். ஒத்திலியா கிரிஸ்பினுக்குத் தர வேண்டிய கடன் அதுதான். ஃபேன் மோட்டாருக்கு ஐந்நூற்று எழுபது, கெப்பாசிட்டருக்கு எழுபது. கூலி என்று ஒரு காசுகூட அவர் போடவில்லை.

"கொமாத்ரேகிட்ட கூலி வாங்கினா என் கை அழுகிப் போகும்" என்று வியாழக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "வாரம் எண்பது குடுங்க. எட்டு வாரம். முடியலைன்னா பதினாறு வாரம். எங்க ஓடிப் போகப் போறீங்க?"

ஒத்திலியாவின் மகள் நெரெய்தாவுக்கு ஞானஸ்நானத்தில் கிரிஸ்பின்தான் ஞானத்தகப்பன்; அவள் கூப்பிடுவது பெரியப்பா என்று. அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக அவருக்கு இவள் கொமாத்ரே, இவளுக்கு அவர் கொம்பாத்ரே. எங்கள் சோமர்ட்டன் ஊரில் கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போடக் கூடாது.

அவர் மோட்டார் மாற்றிவிட்டுப் போன அன்று ராத்திரி வீடு குளுகுளுவென்று இருந்தது. ஒத்திலியாவின் புருஷன் இலாரியோ போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு தூங்கினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏசி நின்றுவிட்டது. சாயங்காலம் தானாகவே ஓடியது. இன்று சனிக்கிழமை.

போன வருஷம் ஜூலையில் முலாம்பழ வயலில் இலாரியோ விழுந்ததும், மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்ததும் படிப்பவர்களுக்கு மறந்திருக்காது. "வெயிலைத் தாங்குற சக்தி இந்த உடம்புல இனிமே இல்ல. இன்னொரு தடவை சூடு ஏறினா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் ஒரு வருஷமாக அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். வெளியே நூற்றுப் பதினாறு டிகிரி.

*

பன்னிரண்டரைக்கு வேலையாட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஒத்திலியாவின் காது வீட்டுப் பக்கம் போனது. விடிவதற்கு முன்னால் தொடங்கி எட்டு மணி நேரம் பழம் பறித்த இடுப்பு நிமிர மறுத்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏசியின் வெளிப்பெட்டி சத்தம் போடுகிறதா என்று மட்டும் கேட்டாள்.

விசிறி சுற்றும் சத்தம் இருந்தது. அதற்கு அடியில் கனமாக ஒரு உறுமல் இருக்க வேண்டும். அதைக் காணோம்.

நெரெய்தா பின்வாசல் படியில் கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கோடை விடுமுறை என்பதால் வீட்டில் இருக்கிறாள்.

"எப்ப நின்னுச்சு?"

"இப்பதான். பத்து மணியிலேருந்து இது மூணாவது தடவை. நான் போன்ல மணி பார்த்துட்டே இருக்கேன். ஓட ஆரம்பிச்சு பதினெட்டு நிமிஷம். அப்புறம் டொக்குனு ஒரு சத்தம். ஃபேன் மட்டும் சுத்துது, கம்ப்ரசர் படுத்துடுது. முக்கால் மணி நேரம் ஆறினாத்தான் மறுபடி எழுந்திருக்குது."

"உள்ள எவ்வளவு?"

"எண்பத்தொம்பது. ஏறிட்டே இருக்கு."

இலாரியோ ஹாலில் தரையோடு தரையாகப் படுத்திருந்தான், மார்பில் ஈரத்துண்டு. அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"வா கிழவி. ஒரு வருஷமா வேலைக்குப் போகலையேன்னு கவலைப்பட்டேன். வயலே என்னைத் தேடி வீட்டுக்கு வந்துடுச்சு."

"பேசாம படுய்யா."

அவன் நெற்றியைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. துண்டின் தண்ணீரா, வேர்வையா? துடைத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். வேர்வைதான். வேர்க்கிற வரைக்கும் பயமில்லை.

"தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு சாயங்காலம் வரலாமா?"

"நான் என்ன பழ மூட்டையா, அங்க இறக்கி இங்க ஏத்த? என் வீட்ல எனக்குக் காத்து வரும். கிரிஸ்பின் வருவான்."

சமையலறையில் நெரெய்தா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"யூமால இருக்கற ஒரு ஏசி கம்பெனிக்குப் பேசிட்டேன்மா."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. கேட்டா வேணாம்னு சொல்லுவ. அவன் போன்லயே சொல்லிட்டான், கம்ப்ரசர் போச்சாம். புதுசு மாட்ட ஐயாயிரத்து எண்ணூறு. அதுவும் திங்கக்கிழமைதான் ஆள் வருமாம்."

"கிரிஸ்பின் கை வச்ச பெட்டியை இன்னொருத்தன் திறக்கறதா? நாளைக்கு சர்ச்சுல அவர் முகத்துல எப்படிடி முழிப்பேன்?"

"அப்பாவை சர்ச்சுக்குப் பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போனா முழிச்சுக்கலாமா?"

ஒத்திலியா கையை ஓங்கினாள். பாதியில் இறக்கினாள். ஹாலிலிருந்து இலாரியோ இருமினான். அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். மெல்லிசான பலகைச் சுவர்தான்.

கிரிஸ்பினின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒத்திலியா அவர் மனைவி தொமாசாவைக் கூப்பிட்டாள்.

"காலையில நாலு மணிக்குப் போனவர்தான். எந்தக் கூரை மேல நிக்கறாரோ, யாருக்குத் தெரியும்? இந்த வாரம் ஊர்ல பாதி ஏசி படுத்துடுச்சு. வந்தா சாப்பிடக் கூட விடாம அனுப்பறேன் போதுமா?"

*

ஒத்திலியா யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது.

வயலுக்குப் போகும் பெண்கள் கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றிக் கட்டி அதன் மேல் தொப்பி போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியை அலசி, ஏசியின் வெளிப்பெட்டி தலையில் விரித்துவிடுவார்கள். பெட்டி கக்கும் அனல் காற்றில் ஐந்தே நிமிஷத்தில் காய்ந்துவிடும். இரண்டு கிளிப் போட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தெரு முழுக்க அப்படித்தான்.

வியாழக்கிழமை கிரிஸ்பின் சத்தம் போட்டிருந்தார். "துணியைப் போட்டு மூச்சை அடைச்சுத்தான் மோட்டாரைக் கொன்னிருக்கீங்க கொமாத்ரே. இனிமே ஒரு கைக்குட்டைகூட இது மேல இருக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்தவள் பழக்கத்தில் துணியை விரித்துவிட்டாள். ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பிய்த்து எடுத்தாள். உறுமல் ஏற்கெனவே நின்றிருந்தது.

இன்று காலையில் குனிந்த இடுப்போடு வரிசை வரிசையாக நகரும்போது ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு தடவை நினைத்தாள். நான்தான் கொன்றேன். ஐயாயிரத்து எண்ணூறு. நான்தான்.

ஒன்று பத்துக்குக் கம்ப்ரசர் எழுந்தது. பதினெட்டாவது நிமிஷம் டொக்கென்று நின்றது.

இரண்டரைக்கு வீட்டுக்குள் தொண்ணூற்று நாலு.

"ஒத்திலியா" என்று இலாரியோ கூப்பிட்டான். "டிரக் வந்துடுச்சா? இன்னும் என் வரிசை முடியலையே."

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்த டிரக்குய்யா?"

"பழ டிரக். மேஸ்திரி திட்டுவான்."

நெற்றியைத் தொட்டாள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிக் கல் மாதிரி காய்ந்து சுட்டது.

"நெரெய்தா!"

அம்மாவும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவனை நெரெய்தாவின் பிக்கப் வண்டிக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஏசி ஓடும். அக்குள் இரண்டிலும் ஐஸ் பொட்டலம், தலையில் ஈரத்துணி. நெரெய்தா ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் நம்பரைப் போட்டு, விரலை அழுத்தாமல் நிறுத்தியிருந்தாள்.

"அப்பா, நான் யாரு?"

அவன் அவளைப் பார்த்தான். நேரம் எடுத்தது.

"எனக்கு வாடகை தராம என் வீட்ல இருக்கறவ."

நெரெய்தா சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "இன்னொரு தடவை டிரக்குன்னு சொன்னேன்னு வை, நேரா ஆஸ்பத்திரிதான். உன்னைக் கேக்க மாட்டேன்."

பெட்ரோல் முள் கால் டேங்கில் நின்றது. ஒத்திலியா அதையே பார்த்துக்கொண்டு திறந்த கதவோரம் நின்றாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான்தான் அதைக் கொன்னேன். நேத்து துணி போட்டுட்டேன். அவர் அவ்வளவு சொல்லியும் போட்டேன். இவருக்கு ஏதாவது ஆனா நான்தான்."

நெரெய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எங்க அந்தத் துணி?"

சமையலறை ஆணியில் தொங்கியது. நெரெய்தா அதைக் கொண்டுவந்து வண்டியின் முன்புறத்தில் விரித்தாள். வெள்ளைத் துணியில் கோடு கோடாக, கட்டம் கட்டமாக அழுக்கு. பெட்டி மேல் இருக்கும் கம்பிவலையை அப்படியே அச்செடுத்தது போல.

"இது எப்படி இவ்வளவு அழுத்தமா விழுந்துச்சு?"

"கிளிப்கூடப் போடல, அதுவா ஒட்டிக்கிட்டு இருந்துச்சுடி. பிச்சுத்தான் எடுத்தேன்."

"ஒட்டிக்கிட்டா? பறக்கலையா?" நெரெய்தா நிமிர்ந்தாள். "கிளிப் போடலைன்னா பக்கத்து வீட்டு வேலியில போய் விழுமே. எத்தனை தடவை நான் எடுத்துட்டு வந்திருக்கேன்?"

வண்டிக்குள்ளிருந்து இலாரியோ கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். "ஊதறவன் உறிஞ்சறான்னா, ஆள் திரும்பி நிக்கறான்னு அர்த்தம்."

நெரெய்தா துணியோடு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பெட்டியின் மேல் பிடித்தாள். துணி பட்டம் போல் மேலே எழும்பியது. திரும்பி ஓடிவந்து தங்கள் பெட்டியின் மேல் பிடித்தாள். அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு துணி கம்பிவலையில் சப்பென்று ஒட்டியது.

"ஃபேன் தலைகீழா சுத்துதும்மா! சூட்டை மேல தள்ள வேண்டியது, உள்ளயே திணிச்சிட்டு இருக்கு. கம்ப்ரசர் சாகல. சூடு தாங்காம தானா நின்னுக்குது. அப்பா மாதிரிதான்."

"அப்ப என் துணி?"

"உன் துணிதான் காட்டிக் குடுத்துச்சு."

அப்படியென்றால் தப்பு அவளுடையது இல்லை. மோட்டாரை மாட்டியவர் கிரிஸ்பின். முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிறவர். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

பெட்டியின் மெயின் ஸ்விட்சை நெரெய்தா அணைத்தாள். அதற்கு மேல் ஒயரில் கை வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

*

நாலு மணிக்கு கிரிஸ்பினின் வேன் வந்தது. வாசலில் இருந்த சிமென்ட் பூந்தொட்டியை இடித்துத்தான் நின்றது. பிக்கப்பின் பெட்ரோல் முள் சிவப்பைத் தொட இன்னும் ஒரு விரல்கடை இருந்தது.

"ஐயோ கொமாத்ரே, போனை வேன்லயே விட்டுட்டேன்." வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னடா இலாரியோ, ஊர்வலமா?"

"உன்னைத் தேடித்தான் கிளம்பினேன்."

கிரிஸ்பின் நேராகப் பெட்டிக்குப் போனார். ஸ்விட்சைப் போடச் சொன்னார். பெட்டியின் உடம்பில் கை வைத்துப் பார்த்தார், குனிந்து காதை வைத்தார். நிமிரும்போது முகம் விழுந்திருந்தது.

"கம்ப்ரசர் போயிடுச்சு கொமாத்ரே. என்ன அனல் அடிக்குது பாருங்க. பழைய பெட்டி. தெரிஞ்ச இடத்துல சொல்லி நாலாயிரத்துக்கு..."

நெரெய்தா வாயைத் திறந்தாள். ஒத்திலியா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"கொம்பாத்ரே, கோவிச்சுக்காதீங்க. இந்தத் துணியைக் கொஞ்சம் அது மேல காயப் போடுங்க."

"துணி போடாதீங்கன்னு நான்தானே..."

"இன்னைக்கு ஒரு நாள். எனக்காக."

அவர் எரிச்சலோடு வாங்கிப் போட்டார். துணி ஒட்டியது. அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை. கையை நீட்டித் தடவினார். விரல்கள் துணியின் மேல் நின்றுவிட்டன. காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த விரல்கள் முப்பது வருஷமாக அறியும்.

பிறகு ஸ்விட்சை அணைத்தார். பக்கத் தகட்டின் ஆணிகளைக் கழற்றினார்.

"நெரெய்தா, டார்ச் அடிம்மா."

நாலு மணி வெயில் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. நெரெய்தா அம்மாவைப் பார்த்தாள். போனில் விளக்கைப் போட்டுக் காட்டினாள்.

"மோட்டார்லேருந்து வர்றதுல ஊதா ரெண்டு, மஞ்சள் ரெண்டு ஒயர் இருக்கும். என்ன கலரோட என்ன கலர் சேர்ந்திருக்கு?"

"ஊதாவோட ஊதா. மஞ்சளோட மஞ்சள், பெரியப்பா."

"மாறி இருக்கணும். இந்த மோட்டாரை ரெண்டு பக்கமும் சுத்த வைக்கலாம். உங்க பெட்டிக்கு ஊதாவோட மஞ்சள்தான் சேரணும்." குரல் தேய்ந்தது. "மாத்திட்டேன்னுதான் நினைச்சேன்."

அவர் விரலைப் பிடித்து அந்த ஒயரில் நெரெய்தா வைத்தாள். கழற்றி மாற்றிச் செருக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஹோஸ் பைப்பால் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் அடித்து ஆறவிட்டார்கள். பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டது.

நாலே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டார். கம்பிவலையில் கிடந்த துணி ஒரு துள்ளு துள்ளி எழும்பி, பக்கத்து வீட்டு வேலியில் போய்த் தொங்கியது. யாரும் எடுக்கப் போகவில்லை.

நெரெய்தா போனில் நேரத்தை ஓடவிட்டாள்.

ஐந்து நிமிஷம். பத்து. கிரிஸ்பின் படியில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தார், ஜெபமாக இருக்க வேண்டும். பதினைந்து. ஒத்திலியா பெட்டியின் பக்கம் பார்க்கவில்லை. தரையில் ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு" என்றாள் நெரெய்தா.

உறுமல் ஒரு தடவை கம்மியது போல் இருந்தது. ஒத்திலியா தன் பாவாடையைக் கசக்கினாள்.

"பதினெட்டு."

ஓடியது.

"இருபது."

ஓடியது. இருபத்தைந்தாவது நிமிஷம் பிக்கப் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. இலாரியோ கதவைத் திறந்தான்.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சு. இனிமே என் வீட்டுக்குள்ள நான் போகலாமா, இல்ல அதுக்கும் மணி பார்க்கணுமா?"

*

இலாரியோவை ஹாலில், காற்று நேராக விழும் இடத்தில் படுக்க வைத்தார்கள். நெற்றி மறுபடி ஈரமானது. எண்பத்தாறு, எண்பத்தைந்து என்று இறங்கியது.

கிரிஸ்பின் சமையலறை மேஜையில் நோட்டை எடுத்து வைத்தார். ஒத்திலியா வைத்த பீன்ஸ் தட்டை அவர் தொடவில்லை.

"அறுநூத்தி நாப்பதை அடிச்சுடறேன்."

"மோட்டார் உங்க கைக்காசு கொம்பாத்ரே. அது எப்படி?"

"அந்தக் காசை வாங்கினா எனக்குச் சோறு இறங்காது. அவன் செத்திருப்பான் கொமாத்ரே. என் கையால."

பேனாவைத் திறந்து ஒரு வரியில் வைத்தார். ஒத்திலியா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாற்பது வயதுக்கு மேல் சர்ச் வகுப்பில் எழுத்துக் கற்றவள் அவள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துத்தான் படிப்பாள்.

"இது நான் இல்ல. இது பாலென்சுவேலா வீடு."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஒத்திலியா நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். முன் பக்கங்களில் பொடி எழுத்து, பக்கத்துக்கு இருபது பெயர். போகப் போக எழுத்து பெருத்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ஆறே பெயர்கள், கோட்டை விட்டு இறங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி.

"எப்பலேருந்து?"

"மார்ச்சுலேருந்து. சர்க்கரை. இடது கண்ணுல புகை மாதிரி. வலதுல கறுப்பா ஏதோ பறக்குது." குரலைத் தாழ்த்தினார். "தொமாசாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேன் சாவியை ஒளிச்சு வச்சிடுவா."

"அந்த வேனைத்தான் கூரை ஏணியோட ஊர் முழுக்க ஓட்டிட்டு இருக்கீங்களா?" என்றாள் நெரெய்தா.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

ஒத்திலியாவின் விரல் தன் பெயரைக் கண்டுபிடித்தது. அங்கேயே நிற்கவில்லை. கீழே இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"எங்களுக்கு அப்புறம் நாலு வீடு இருக்கே. நாலுலயும் இதே மோட்டாரா?"

கிரிஸ்பின் தலையை மெல்ல ஆட்டினார். ஆட்டும்போதே அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

கடைசிப் பெயர் பாலென்சுவேலா. இன்று காலையில் போட்டது. அதன் பக்கத்தில் அவரே பெரிய எழுத்தில் கிறுக்கியிருந்தார். ஒத்திலியா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கைக்குழந்தை. அவசரம்."

ஹாலில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. நெரெய்தா எழுந்து செருப்பை மாட்டினாள்.

"நாலு வீட்டுக்கும் நான் ஓட்டறேன் பெரியப்பா. அறுபது பிள்ளைங்களை வச்சு ஓட்டறவ நான், உங்க ஏணியையா கீழ போட்டுடுவேன்? கலரை நான் பார்த்துச் சொல்றேன். கை உங்களோடது. முதல்ல அந்தக் குழந்தை வீடு."

"எப்படிம்மா அவங்ககிட்ட போய்... என்னன்னு சொல்வேன்?"

"எங்ககிட்ட சொன்ன மாதிரி" என்றாள் ஒத்திலியா. கையை நீட்டினாள். "சாவி."

"கொமாத்ரே..."

"இல்லேன்னா கடனை அடிக்கற கோட்டை நான் போட மாட்டேன். வாரம் எண்பது எட்டு வாரத்துக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து, தொமாசா கையிலயே குடுப்பேன். அவ எதுக்குன்னு கேப்பா. நான் உங்க கண்ணைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன்."

கிரிஸ்பின் அவள் முகம் இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைத் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். அது நெரெய்தாவின் கைக்குப் போனது; அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். வெளியே வேன் உறுமியது.

அதற்குப் பிறகுதான் ஒத்திலியா பேனாவை எடுத்தாள். தன் பெயரின் கீழே இடது கை விரலை வைத்துக்கொண்டு, அறுநூற்று நாற்பதின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே கோடாக இழுத்தாள்.